மாமனாரின் மீசை

கந்தர்வக்கோட்டையில் எங்கள் குழு மாதந்தோறும் நடத்தும் குடும்ப நகைச்சுவை நாடகத்தில் நான்தான் மாமனார். முந்திரி வறுக்கும் கொட்டகைதான் எங்களுக்கு ஒப்பனை அறை. ஒருநாள் மேடையேறும் அவசரத்தில், கொட்டாங்குச்சியில் இருந்த, பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும் முந்திரித்தோல் எண்ணெயைப் பசை என்று நினைத்துத் தடவி மீசையை ஒட்டிவிட்டேன்.

சற்று நேரத்தில் உதடு தீயாய் எரிந்தது. "எரியுதுப்பா!" என்று மேடையிலேயே துள்ளினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவியாக வேடமிட்டிருந்த ஆறுமுகம் மட்டும் என் கண்ணைப் பார்த்துவிட்டார். "இங்கிட்டு வாங்கண்ணே" என்று உள்ளே இழுத்துப்போய், மீசையைப் பிய்த்தெறிந்து தேங்காய் எண்ணெய் தடவினார். தோல் உரிந்ததோடு தப்பித்தேன்.

சனம் விரும்பிக் கேட்டதால், அடுத்த மாதம் அதே துள்ளலை நடித்துக் காட்டினேன். "போன மாசம் மாதிரி இல்லைங்களே" என்றார்கள்.

இப்போதெல்லாம் நாடகம் பார்க்கப் போனால், சிரிக்கும் முன் நடிப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்.