சித்திக்காக விறகு நிறுத்தது

எங்கள் வீட்டில் விறகுக்குப் பஞ்சம் கிடையாது, நல்ல விறகுக்குத்தான் பஞ்சம். பெரியப்பா தென்காசியில் விறகுக்கடை வைத்திருந்தார். கடையும் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். நன்றாகக் காய்ந்த உடைமர விறகெல்லாம் குற்றாலத்து ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் வண்டியேறிப் போய்விடும். கோணலும் முடிச்சுமாய் யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஈரக்கட்டைகள் நடுக்கதவு வழியாக எங்கள் அடுக்களைக்கு வரும். சாரல் பிடித்துக்கொண்டால் அந்த ஈரம் இன்னும் கூடும். விறகுக்கடை வீட்டுப் பெண்களுக்கு என்ன குறை என்று எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் ஊரில் உண்டு. அவர்களை ஒரு வேளை எங்கள் அடுப்பை ஊதவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், தை மாதத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி தூத்துக்குடியிலிருந்து சித்தி வந்தாள். கல்லூரியில் ஒரு வருடம் விஞ்ஞானம் படித்தவள். அவள் பிறந்த வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. திருகினால் எரியும், திருகினால் அணையும் என்று அவள் சொன்னபோது நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அம்மாவும் பெரியம்மாவும் நம்பவே இல்லை.

பங்குனிக்குள் சித்திக்கு இருமல் வந்துவிட்டது. புது இடத்துத் தண்ணீர் என்றார்கள், மலைக்காற்று என்றார்கள், கஷாயம் கொடுத்தார்கள். சித்தி மட்டும் கேஸ் அடுப்பு வேண்டும் என்றாள். அதையும் எங்கள் மூன்று பேரிடம்தான் சொல்ல முடிந்தது. கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சித்தப்பாவோ, என் அப்பாவைப் போலவே, அண்ணன் முன்னால் தும்மக்கூட யோசிக்கிறவர். விறகுக்கடைக்காரன் வீட்டில் கேஸ் வைத்தால் கடைக்கு வருகிறவன் சிரிக்க மாட்டானா என்று அவளிடமே திருப்பிக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

கேஸ் அடுப்பையே நம்பாத பெரியம்மா அதைப் புருஷனிடம் கேட்கப்போவதில்லை. ஆக, பெரியப்பாவிடம் இதைப் பேசக்கூடிய ஒரே வாய் என்னுடையதாக இருந்தது. ஆனி மாதத்தில் ஒருநாள் சித்தி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஏட்டி, ஒங்க பெரியப்பாட்ட வாயால சொன்னா எடுபடாது. தராசு சொன்னாத்தான் கேப்பாவ. இந்த அடுப்பு எம்புட்டு தின்னுதுன்னு கண்டுபிடிச்சு அவுகளுக்குக் காட்டு. மத்தத அவுகளே சொல்லுவாவ."

அதற்கு வழியும் சொல்லிக் கொடுத்தாள். காலையில் கடை திறக்கும் முன்னே அன்றைக்கு வேண்டிய விறகைக் கடைத் தராசில் நிறுக்க வேண்டும். சாயங்காலம் மிஞ்சியதை நிறுத்துக் கழிக்க வேண்டும். சாம்பலையும் கரியையும்கூடத் தனியாக நிறுக்க வேண்டும். என்ன சமைத்தோம், எத்தனை பேர் சாப்பிட்டோம் என்பதும் கூடவே இருக்க வேண்டும். குத்துமதிப்பாக ஒன்றும் போடக்கூடாது. கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது என்றாள். பெரியப்பா கடைத் தராசைப் பற்றி வாடிக்கையாளர்கள் வேறு விதமாகச் சொல்வதுண்டு, நான் அதைச் சொல்லவில்லை.

அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் எழுதிக்கொண்டே வந்தேன். ஆனியில் சாரல் விழுந்ததும் உறவுக்காரர்களும் விழுந்தார்கள். சிவகிரியிலிருந்து ஒரு கூட்டம், எலுமிச்சம்பழ மூட்டையோடு புளியங்குடி மாமா வீட்டார் என்று ஒருவர் போக ஒருவர். எல்லோரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து சுக்குக் காப்பி கேட்டார்கள். அடுப்பு அணையவே இல்லை. சுவரில் எண்கள் ஏற ஏற சித்தியின் முகம் மலர்ந்தது. ஒரு வீட்டுக்காரி விறகு செலவாவதைப் பார்த்து சந்தோஷப்பட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அழைத்துப்போக தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்தது. ஆவணியில் வருகிறேன், நீ பாட்டுக்கு நிறுத்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு சித்தி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

நிறுப்பதோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் விஞ்ஞான டீச்சர், குறையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அதைச் சரிசெய்வதுதான் மீதிப் பாதி என்று வகுப்பில் சொல்லிவிட்டார். சித்தி ஏன் அந்த மீதிப் பாதியைச் சொல்லித்தரவில்லை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒருவருடம்தானே கல்லூரியில் படித்தாள், அதற்குள் அந்தப் பாடம் வந்திருக்காது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சித்தி திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று ஆசை வேறு.

எல்லாப் பாத்திரத்துக்கும் மூடி போடவைத்தேன். பருப்பை முன்கூட்டியே ஊறப்போடச் சொன்னேன். காப்பியை ஒரே தடவையாகப் போட்டு, கல்யாணத்துக்கு வந்த பிளாஸ்கில் ஊற்றி வைத்தேன். அருவியில் குளித்துவிட்டு வந்து கால் கழுவ வெந்நீர் கேட்ட புளியங்குடி மாமாவிடம், அருவித் தண்ணீரைவிட எங்கள் வெந்நீர் உசத்தியா என்று கேட்டு, அம்மாவிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். விறகைப் பரணில் அடுக்கிக் காயவைக்கலாம் என்றேன். தேள் வரும் என்று பெரியம்மா விடவில்லை. கடைசியாக, அடுப்பின் வாயைக் களிமண் வைத்துப் பாதியாகக் குறுக்கினேன். அங்கேதான் வெற்றி கிடைத்தது. முன்பு ஒரு கட்டை எரிந்து தீர்ந்த நேரத்தில் இப்போது பாதிகூடத் தீரவில்லை, மெதுவாகப் புழுங்கிக்கொண்டே கிடந்தது. அம்மாவும் பெரியம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, இவள் படிப்பு நம்மைப் படுத்துகிற பாடு என்றார்கள். அடுப்பென்றால் புகை வரத்தான் செய்யும் என்று அவர்களே சொல்லிக்கொள்ளவும் செய்தார்கள். ஆடிக் கணக்கை நான் வேறொரு சுவரில், கதவு மறைக்கிற இடத்தில் எழுதினேன்.

ஆவணியில் சித்தி வந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. இருமலைத் தாய்வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மறுநாளே பெரியப்பாவை அழைத்துவரச் சொன்னாள்.

பெரியப்பா அடுக்களைக்குள் காலெடுத்து வைத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சித்தி அடுக்களையை ஒட்டிய உள்ளறையான அரங்குவீட்டின் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் வளையல் மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆனிக் கணக்கை வரிவரியாக வாசித்தேன். பெரியப்பாவின் உதடு அசைந்தது. மனதுக்குள் விலையால் பெருக்குகிறார் என்று புரிந்தது.

"இம்புட்டயுமா நம்ம வீட்டுல எரிச்சிருக்கோம்? இதுக்கு அந்த கேஸே தேவல போலிருக்கே."

வளையல் குலுங்கியது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு மாதமும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் பாதி வேலையோடு நிறுத்த எனக்கு மனமில்லை. கொஞ்சம் பொறுங்கள் பெரியப்பா என்று சொல்லி, கதவை நகர்த்தி ஆடிக் கணக்கைக் காட்டினேன்.

பெரியப்பா இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. அடுப்புப் புகையில் அவருக்குக் கண் கரித்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசல் பக்கம் நகர்ந்தபடியே சொன்னார்.

"பாதியாக் கொறச்சிட்டாளே. கெட்டிக்காரி. பெறகு எதுக்கு கேஸு?"

அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என் பெருமையைச் சொன்னார். எனக்கு அல்வா வாங்கித் தந்தார். நான் அரங்குவீட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது சித்தி அங்கே இல்லை, பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து ஒரு பாராட்டு வரும் என்று சாயங்காலம் வரை பின்னாலேயே திரிந்தேன். அவள் சொல்லிக்கொடுத்தபடிதானே எல்லாம் செய்தேன், அதற்கு மேலும் செய்தேனே என்று எனக்கு அழுகையாக வந்தது. கடைசியில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஏதாவது புரிந்திருக்கும்.

"விறக நிறுத்த, சரி. புகைய நிறுத்தியா?"

அவள் கேட்டது 'நிறுத்தியா'வா, 'நிறுத்துனியா'வா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஓர் எழுத்துத்தான் கூடுதல்; ஒன்று எடை போடுவது, மற்றது ஓயவைப்பது. இரண்டு மாதம் தராசோடு கிடந்த என் காதில் 'நிறுத்தியா' என்றுதான் விழுந்தது. நான் அதை ஒரு விஞ்ஞானக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

பொருள் எதுவும் அழிவதில்லை என்று பாடத்தில் இருந்தது. எரிந்த விறகிலிருந்து சாம்பலையும் கரியையும் கழித்தேன். மீதி எல்லாம் புகையாகத்தான் போயிருக்க வேண்டும். மலைத்துப்போனேன். விறகில் பெரும்பங்கு புகைதான். மறுநாள் காலை மூச்சுவாங்க ஓடிப்போய் அந்த எடையைச் சித்தியிடம் சொன்னேன்.

ஊதுகுழலைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள். பிறகு, அவ்வளவும் எங்கே போயிற்று என்று கேட்டாள். ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போயிருக்கும் என்றேன்.

"கொஞ்சம் போகும்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

கொஞ்சம்தான் போகும் என்றால் மீதி இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். அதையும் கண்டுபிடித்தால் கணக்கு முடிந்துவிடும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. ஓட்டைப் பார்த்தேன், சுவரைச் சுரண்டினேன், முக்காலி போட்டு ஏறிப் பரணைத் தடவினேன். கையில் வந்த ஒட்டடைக் கரி ஒரு பிடிகூட இல்லை. சித்தி மறுபடி தொடங்கிய இருமலுக்கு நடுவே நிமிர்ந்து, என்னத்தட்டி தேடுத என்று கேட்டாள்.