கொப்பரைக்குக் காவல்

மாரியூர்ப் பக்கம் பனங்கள்ளைக் காய்ச்சி இறக்கிய சாராய ஆலையில் நான் அடுப்பு பார்த்தேன். எங்கள் சரக்குக்காக மதுரையிலிருந்து லாரிகள் வந்து காத்துக் கிடக்கும். மதுவிலக்கு வந்ததும் ஆலையைப் பூட்டினார்கள். வேலையாட்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

"சட்டம் மாறும்ப்பா. அதுவரைக்கும் சரக்கு காய்ச்சுற செப்புக் கொப்பரை களிம்பேறாம நீ பாத்துக்க" என்று முதலாளி என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

பத்து வருஷம் புளி போட்டுத் தேய்த்தேன். பேச ஆளில்லாமல், கொப்பரைக்குள் தலையை விட்டு என் பெயரை நானே கூப்பிட்டுப் பார்ப்பேன்.

முதலாளி இறந்ததும் அவர் மகன் கொப்பரையைப் பாத்திரக்காரருக்கு விற்றுவிட்டார். வெட்டி லாரியில் ஏற்றும்போது, "இம்புட்டுப் பளபளப்பா யாரு வச்சது?" என்று பாத்திரக்காரர் கேட்டார்.

"நாந்தேங்க" என்றேன். இன்னும் ஏதாவது கேட்பார் என்று லாரியை ஒட்டியே நின்றேன். அவர் ஏறிப் போய்விட்டார்.