மகளுக்குப் பின்னம் வராதாம், டியூஷன் கம்பெனி சொன்னது

இன்று குளுவாங் சந்தையில் மீன் வாங்கும்போது முன்பின் தெரியாத ஒரு டியூஷன் கம்பெனியிலிருந்து போன்.

"சார், உங்க மக தாரணி பின்னக் கணக்குல ரொம்ப வீக்கா இருக்காங்க."

எனக்கே தெரியாத செய்தி. உடனே அவள் டீச்சரை அழைத்தேன்.

"கிளாஸ்ல புதிர்ப்போட்டிக்கு ஒரு ஆப் போட்டேன் அண்ணே. பிள்ளைங்க பேரு, அப்பா நம்பர் கேட்டுச்சு, கொடுத்தேன். ஃப்ரீ லா!"

ஃப்ரீயாம்! பிள்ளைகள் வாங்கிய மார்க்கை விற்றுப் பிழைக்கிற கூட்டம், கல்விச் சேவை என்று பெயர் வேறு. தூ!

"ஊருக்கே தெரிஞ்சிருச்சாப்பா?" என்று தாரணி அழுகிறாள்.

எனக்கும் பின்னம் வராது. ஆனால் நான் படித்த காலத்தில் என் அப்பாவிடம் மட்டும் மறைத்தால் போதும்.

உங்கள் பிள்ளைக்கு எந்தப் பாடம் வராது? தெரியாவிட்டால் கவலை வேண்டாம், போன் வரும்.