இசோமே குடாவின் சாவு அறிவிப்பாளர்

"என் வாயால சொல்லாம இந்தக் குடாவுல ஒருத்தரும் சாக முடியாது. எண்பது லட்சம் சாமியும் வந்து என் வாயைப் பொத்தினாலும் சரி, சொல்லிட்டுத்தான் மறுவேலை!"

கடொவாக்கி தமோட்சு இப்படிச் சூளுரைத்தது மீனவர் சங்கத்தின் ஆண்டு விருந்தில், மூன்றாவது குப்பி சாக்கே மது காலியான பிறகு. சபை கைதட்டியது. யாரும் மறுத்துப் பேச வழியில்லை. ஊர் ஒலிபெருக்கி அறையின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

எங்கள் ஷிமானே மாகாணம் எங்கே என்று கேட்டால் தோக்கியோக்காரர்களில் பாதிப் பேர் வரைபடத்தில் பக்கத்து தொட்டோரியைத் தொடுவார்கள். அந்த ஷிமானேக்காரர்களுக்கே இசோமே குடா எங்கே என்று தெரியாது. பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் அறுபத்து மூன்று பேர். கடைசியாக இங்கே குழந்தை பிறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆகவே காலை ஆறரைக்கு தமோட்சு அறிவிக்க வேண்டியவை மூன்றே மூன்று: அலையின் உயரம், குப்பை வண்டி வரும் நாள், செத்தவர் பெயர்.

மூன்றாவதில்தான் அவருடைய மேதைமை. பெயர், வயது, அதன்பின் ஒரே ஒரு வரிப் புகழ்ச்சி. "அறுபது வருடம் கடலுக்குப் போய், ஒருமுறைகூட வாந்தி எடுக்காதவர்." "பொய் சொன்னால் காது சிவந்துவிடும் என்பதால் உண்மையே பேசியவர்." இந்த வரிக்குப் பயந்தே பலர் ஒழுங்காக வாழ்ந்தார்கள்.

கணவாய் மீன் காயப்போடும் பக்கத்து வீட்டு கினுவே ஒருநாள் வழிமறித்தாள்.

"அண்ணே, நான் போனா என் வயசை மட்டும் சொல்லிறாதீங்க."

"வயசு சொல்லலைன்னா நீ செத்ததை யாரு நம்புவா?"

"அந்த ஒரு வரியில என்ன சொல்வீங்களாம்?"

"வாயை மூடிட்டாங்கன்னு சொல்வேன். ஊரே சந்தோஷப்படும்."

பழைய நாள்காட்டியின் பத்தாம் மாதம் நாடு முழுவதற்கும் கடவுள் இல்லாத மாதம். கடவுள்கள் எல்லாரும் எங்கள் ஷிமானேவுக்கு வந்துவிடுகிறார்கள், யாருக்கு யார் துணை என்று முடிச்சுப் போட. அவர்கள் கூடிப் பேசும் ஏழு நாளும் பாட்டு இல்லை, ஆணி அடிப்பதில்லை, நகம் வெட்டுவதுகூட இல்லை. ஒலிபெருக்கிக்கும் பூட்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் கிழவர் கிச்சிஸோ, அறிவில்லாமல், சரியாக அந்த வாரத்தில் செத்தார். கோயில் பூசாரி அசாயமா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தமோட்சு, சாமிங்க கூடியிருக்காங்க. ஒரு சத்தம் வரக்கூடாது!"

"முடிச்சுப் போடத்தானே வந்திருக்காங்க? ஒரு முடிச்சு அவுந்துபோச்சுன்னு யாராவது சொல்ல வேணாமா சாமி?"

சொல்லியேவிட்டார், முழு ஒலியில். பூசாரி அரை வருடம் அவரோடு பேசவில்லை. கடவுள்கள் மறு வருடமும் வந்தார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை போலிருக்கிறது.

இந்த வருடம் கோடையில் அவர் மனைவி ஃபுமியே படுத்தாள். மருத்துவமனை திருப்பி அனுப்பிவிட்டது. ஊருக்கு நோயைவிட அந்த ஒரு வரிதான் பெரிய கவலையாக இருந்தது: நாற்பத்தாறு வருடம் கூட இருந்தவளுக்கு இந்த மனிதர் என்ன சொல்வார்? அவளுக்கும் அதே கவலைதான்.

"எனக்கு என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. நீதான் போகப்போறதில்லையே."

"ஊருக்கெல்லாம் சாவுக்கு முந்தியே வரி தயாரா வச்சிருப்பீங்க. பொண்டாட்டிக்கு மட்டும் பஞ்சமா?"

எழுதத்தான் செய்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவார், படிப்பார், வெந்நீர் அடுப்பில் போடுவார். இலையுதிர் காலம் முழுவதும் அந்த வீட்டுக் குளியல் தண்ணீர் இலக்கியத்தில்தான் கொதித்தது.

கடவுள்கள் வந்தார்கள். கூடவே வடமேற்குக் காற்றும் வந்தது. மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் ஃபுமியே போய்விட்டாள்.

பூசாரி காற்றில் குடை திருப்பிக்கொள்ள, மழையில் நனைந்தபடி வந்தார். உடலை வணங்கினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போய்ச் சொல்லுங்க தமோட்சு. இந்த ஒருவாட்டி சாமிங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

தமோட்சு சாவியை எடுத்துக்கொண்டு போனதை ஊர் பார்த்தது. அத்தனை காற்றிலும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கம்பத்து ஒலிபெருக்கிகள் கரகரத்தன. ஒரு மூச்சு கேட்டது. காகிதம் மடிக்கிற சத்தம் கேட்டது. மறுபடி ஒரு மூச்சு. பிறகு 'டக்'கென்று அணைந்தது.

தமோட்சு திரும்பி வந்தார். பூசாரியிடம் அவராகவே சொன்னார்:

"சாமிங்க இருக்காங்கல்ல. சத்தம் கூடாது."

அதுவரை சாஸ்திரத்தை இவ்வளவு பக்தியோடு அவர் கடைப்பிடித்ததாக வரலாறு இல்லை. பூசாரியும் "ஆமாமா, கூடாதுதான்" என்று தலையாட்டினார்.

கினுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப ஊருக்கு எப்படிண்ணே?"

"நீ போய் வீடு வீடாச் சொல்லிட்டு வந்திரு. மெதுவா."

"வரி?"

"வேணாம். பேரு மட்டும் போதும்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். எதிர்வீட்டு இழுகதவு திறக்கும் சத்தமும், அவள் தாழ்ந்த குரலில் அந்தப் பெயரைச் சொல்வதும் கேட்டன. தமோட்சு வாசலில் குந்தி, ஃபுமியேயின் ரப்பர் பூட்ஸை, வெளியே கிளம்புகிறவருக்கு வைப்பதுபோல, தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு வீட்டுப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.