விலாவுக்குக் கீழே ஒரு தலை

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும் அம்மா போட்ட முதல் சட்டம், பிரசவம் வரை நான் ஆறு தாண்டக் கூடாது என்பது. எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். தஞ்சாவூர் போக வேண்டுமானால் ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். அப்படியானால் வீட்டிலேயே படுத்துக் கிடக்க வேண்டியதுதான் என்று சண்டைக்குப் போனேன். "கெட, யாரு வேணாம்னா?" என்றாள்.

எனக்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை. வலி எடுத்த பிறகு வாடகைக் காரில் பாலங்களைத் தாண்டித் தஞ்சாவூர் போய், வெறுங்கையோடு திரும்பினாள். ஏன் என்று யாரும் அவளுக்கு விளக்கவில்லை. அவளாக ஆற்றின் மேல் பழி போட்டுக்கொண்டாள். இது தெரிந்ததால் நானும் ஓரளவுக்கு மேல் வாயாடவில்லை. கடைசி மாத ஸ்கேனுக்குத் தஞ்சாவூர் போகச் சொல்லி நர்ஸம்மா கொடுத்த சீட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலமானால் என் வயிற்றைத் தடவிக்கொடுப்பாள். வலது விலாவுக்குக் கீழே உருண்டையாக ஒன்று கெட்டியாகத் தட்டுப்படும். "குண்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிறதப் பாரு, அப்பன மாதிரியே திமிரு" என்று அதைத் தட்டித் தட்டிக் கொஞ்சுவாள்.

அப்போதுதான் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கையடக்க ஸ்கேன் வந்தது. வழியில் ஒரு வாய்க்கால் உண்டு. வாய்க்கால் ஆறாகாது என்று அம்மா தீர்ப்புச் சொன்ன பிறகே கிளம்பினோம்.

கருவி ஷேவிங் மெஷின் அளவுதான் இருந்தது. ஒயர் ஒரு டேப்லெட்டில் செருகியிருந்தது. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும்.

"என்ன கொழந்தைன்னு மட்டும் கேக்காதீங்கம்மா, சொல்லக் கூடாது."

"எதுவா இருந்தா என்ன, நல்லபடியா வெளிய வந்தாப் போதும்" என்றாள் அம்மா.

டாக்டர் அடிவயிற்றில் தேடினார். பிறகு மெல்ல மேலே நகர்த்தி விலாவுக்குக் கீழே நிறுத்தினார். திரையில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது.

"இதான் தலை. இந்நேரம் கீழ திரும்பியிருக்கணும். இன்னும் மேலயே இருக்கு."

"தலையா? தெனம் தட்டுறேனே!"

"தட்டுனதுல ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில காட்டுங்க. திருப்ப முடியுமான்னு பாப்பாங்க, இல்லன்னா ஆபரேஷன். முன்கூட்டியே தெரிஞ்சுட்டதால பயப்பட வேண்டாம்."

நான் அம்மாவையே பார்த்தேன். அவள் மாட்டேன் என்றால் என் குழந்தையின் கதி என்ன? அவளோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவனுக்கும் காலுதான் மொதல்ல வந்துச்சு" என்றாள். இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. "அவனும் இப்படித்தான் நின்னிருப்பானா டாக்டர்?"

"இருந்திருக்கலாம்மா."

"அப்ப ஆறு ஒண்ணும் பண்ணலையா?"

எந்த ஆறு என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஜெல்லைக்கூடத் துடைக்காமல் படுத்தபடியே அழுதேன்.

அன்றைக்கே காரில் கிளம்பினோம். வழி முழுக்க அம்மாவின் உள்ளங்கை என் விலாவுக்குக் கீழேயே இருந்தது. தட்டவில்லை, தாங்கிக்கொண்டு வந்தாள். பாலங்கள் வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் காரைத் திருப்பு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

குழந்தை திரும்பவே இல்லை, பிடிவாதம். ஆபரேஷன்தான். பெண் குழந்தை.

ஊர் திரும்பும்போது கடைசியாக வருவது காவேரிப் பாலம். அதைத் தாண்டியதும் அம்மா காரை ஓரம் கட்டச் சொன்னாள். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. கரை நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பேத்தியிடம்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"பாவம், ஒன்னப் போயி இத்தனை வருஷமாத் திட்டிட்டேனே."