ஜீப்பில் போய்ப் பார்த்த ஆபீஸ்

எங்கள் மலைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் நானும் ஒரு டைரக்டர். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊருக்கு ஒருத்தர் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் மற்றவர்கள் எல்லாம் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். எனக்கு நழுவவும் தெரியவில்லை. படித்தது அஞ்சாவது வரைக்கும்தான்.

உறுப்பினர்களின் மிளகு, காப்பிக்கொட்டை, சாமையைக் கம்பெனி வாங்கி விற்கும். வியாபாரிகள் மலையேறி வர யோசித்ததால், சேலத்தில் ஆபீஸ் போட முடிவானது. ஆறு டைரக்டர்களும் வாரத்தில் ஆளுக்கொரு நாள் அங்கே போய் உட்கார வேண்டும்.

மேனேஜர் சேலத்துப் பெண், சின்ன வயசு. ஒரு ஜீப் பேசி எங்களை இடம் பார்க்கக் கூட்டிப்போனாள். முதலில் கோரிமேடு. மலை இறங்கியதும் வருகிற ஏரியா. பேக்கரிக்கு மேலே ஒரு மாடி அறை, படி செங்குத்து. அடுத்தது ஐந்து ரோடு. கண்ணாடிக் கதவு, லிஃப்ட். ஜீப் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கியது. லிஃப்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினோம்.

"இதுதானுங்க ஆபீஸு! முன்ன பாத்தது கோழிக்கூண்டு" என்றார் இன்னொரு டைரக்டரான கரடியூர் அக்கா. எல்லோரும் சரி என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. என் முறைக்குத் தனியாக எப்படிப் போவேன்? சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஐந்து ரோட்டுக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். நான் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்க எனக்கு வாய் வராது. டைரக்டரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தக் கூட்டங்கள் எனக்குப் பிடித்திருந்தன. என் பேரைச் சொல்லி என்னிடம் கையெழுத்துக் கேட்பது அங்கே மட்டும்தான்.

அடுத்த கூட்டத்தில் ஐந்து ரோட்டுக்குச் சம்மதம் என்று தீர்மானப் புத்தகம் சுற்றி வந்தது. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

"ஏனுங்கம்மா, பேனா எழுதலீங்களா?" என்றாள் மேனேஜர்.

"பேனா எழுதுது கண்ணு. நான்தான் எழுதல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. எப்படியோ சொல்லிவிட்டேன்: "நாம ஜீப்புல போய்ப் பாத்தோம். தெனமும் ஜீப்பா வரும்? ஒருக்கா பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு போடறேனுங்க."

மேனேஜர் தீர்மானப் புத்தகத்தை மூடி வைத்தாள். "நாளைக்கே போலாமுங்கம்மா" என்றாள்.

மறுநாள் மலைமேல் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் மேனேஜரோடு ஆறு பேரும் பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் கூட்டத்தில் சிதறிப்போனோம். நானும் இன்னும் மூன்று பேரும் மேனேஜரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஐந்து ரோடு போய்ச் சேர்ந்தோம். அங்கே எண்ணிப் பார்த்தால் இரண்டு பேரைக் காணோம். அப்போது மேனேஜரின் போன் அடித்தது.

"ஏனுங் கண்ணு, இங்க ரயிலு நிக்குதுங்க!" கரடியூர் அக்கா கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இன்னொருத்தரையும் இழுத்துக்கொண்டு ஜங்ஷன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். மேனேஜர் ஆட்டோவில் போய்க் கூட்டிவர மத்தியானம் ஆகிவிட்டது.

வந்ததும் வராததுமாக, "கோழிக்கூண்டே போதுஞ் சாமி" என்றார் அக்கா. மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழைய தீர்மானத்தை அடித்துவிட்டுக் கோரிமேடு என்று எழுதினார்கள். இந்தத் தடவை முதலில் நான் கையெழுத்துப் போட்டேன்.

என் முறை புதன்கிழமை. மலை பஸ் அந்த வழியாகத்தான் போகும்; டவுன் பஸ் வேண்டாம். கண்டக்டர் "கோரிமேடு" என்று குரல் கொடுப்பார், இறங்குவேன், எதிரே மாடிப்படி. அவ்வளவுதான்.

திரும்பும்போதுதான் கஷ்டம். பஸ் ஸ்டாண்டிலேயே சீட்டெல்லாம் நிரம்பிவிடும். கோரிமேட்டில் ஏறுகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டியதுதான். அதற்கு இன்றைக்கும் கரடியூர் அக்கா என்னைத் திட்டுகிறார். திட்டட்டும். நின்றுகொண்டு வர யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.