மூன்றாவது குதிரை

ஹீட்டரின் மேல் உருக வைத்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியும், பக்கத்தில் காயும் கம்பளிக் கையுறைகளும் சேர்ந்து ஒரு வாசனை வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் எங்கள் குளிர்காலம் அந்த வாசனையோடுதான் விடியும். அப்பாவுக்கு அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை. குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. பனி விழுந்துவிட்டால், "ஷ்லிட்டன்" என்று எல்லோரும் சொல்லும் மரச் சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு நானும் அண்ணனும், மேல்மாடிச் சீனத் தோழி மெய்யும் அங்கே ஓடுவோம். ஓடி என்ன, அடுத்த கட்டடத்து டீட்டரும் அவன் கூட்டாளிகளும் எங்களை அண்டவிட மாட்டார்கள். கடைசியில் பந்தயம் பேசினோம்: ஒருவருக்கு ஒருவராக மூன்று ஓட்டம், இரண்டில் ஜெயிப்பவர்களுக்கே அந்தக் குளிர்காலம் முழுக்கச் சரிவு.

அவர்களுடைய வண்டிகள் தரத்துக்குத் தரம் எங்களுடையவற்றைவிட ஒரு பிடி வேகம். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. அப்போதுதான் மெய், தன் வீட்டில் கேட்ட கதையிலிருந்து சுன் பின்னை அழைத்து வந்தாள். பொறாமைக்காரன் ஒருவனால் நடக்க முடியாமல் ஆக்கப்பட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே போர்களை வென்ற பழங்காலச் சீனத்துப் போர்த்தந்திரி அவர். அரசனோடு குதிரைப் பந்தயம் கட்டிய தளபதிக்கு அவர் சொன்ன யோசனை இது: அரசனின் முதல்தரக் குதிரைக்கு எதிரே உன் மூன்றாந்தரக் குதிரையை விடு, அது தோற்கட்டும், பிறகு அவனுடைய இரண்டாவதை உன் முதலாவதும், மூன்றாவதை உன் இரண்டாவதும் ஜெயித்துவிடும்.

கேட்டவுடன் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்களில் மூன்றாந்தரம் நான்தான்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீ தோத்தாதான்டி நாம ஜெயிக்க முடியும், ப்ளீஸ்" என்று அண்ணன் கெஞ்சினான். அவன் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

விஷயம் தெரியாத அம்மா, "பொண்ணுதானேன்னு யாரும் இளக்காரமா நினைச்சிடக் கூடாது, ஜெயிச்சுட்டு வா" என்று சொல்லி, என் வண்டியின் அடிப்பட்டைகளில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவி அனுப்பினாள். மற்றவர்கள் அதற்கு மெழுகுவர்த்தி தேய்ப்பது அவளுக்குத் தெரியாது. வெளிக் குளிரில் எண்ணெய் கட்டிதட்டி, பனியும் அப்பிக்கொண்டு, பாதிச் சரிவில் வண்டி நின்றேவிட்டது. அவர்களில் முதல்தரமான டீட்டர்தான் வழக்கம்போல முதல் ஓட்டத்துக்கு இறங்கியிருந்தான்; கீழே நின்று விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. அடுத்த ஓட்டத்தில் அண்ணன் ஜெயித்தான். கடைசி ஓட்டத்தில் ஒரு கை நீள வித்தியாசத்தில் மெய்யும் ஜெயித்தாள். டீட்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சென்ற ஆண்டு மகளோடு அந்தப் பக்கம் போனேன். சரிவைச் சமன் செய்து கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். பனியும் இப்போது பேருக்குத்தான் விழுகிறதாம். மெய் எந்த ஊரில் இருக்கிறாளோ. கார்களுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டி, "இங்கதான்டி நான் தோத்தேன்" என்றேன்.

"தோத்ததுக்காம்மா இவ்வளவு பெருமை?" என்று கேட்டாள் மகள்.